இருபருக் கரணை

இரவு இரண்டே காலுக்கு வந்த குழாயில்
பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். சம்பந்தி.
வார்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுத் திருத்தினேன்:
சம்பங்கி, நாற்பத்தொன்பது,
அம்முண்டி ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்,
தொண்டையில் கட்டி,
ஒன்பது நாளாக வெறும் தண்ணீர்.

சர்க்கரை அறுபத்தாறு.
மறுபடி ஓட்டினேன். அறுபத்தாறுதான்.
இத்தனை நாள் பட்டினியில்
யார் இதை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது?

என் டப்பாவில் மூன்று இட்லி, வேர்க்கடலைச் சட்னி.
மென்றுகொண்டே கணக்குப் போட்டேன்.
கடைசியாக விழுங்கிய கேழ்வரகுக் களி
அன்று பொழுதோடு தீர்ந்திருக்கும்.
ஈரல் ஒதுக்கி வைத்திருந்த சர்க்கரை
மறுநாள் இரவைத் தாண்டியிருக்காது.
அப்புறம் கொழுப்பு.

கொழுப்பை உயிரணு முழுசாக அடுப்பில் செருகாது.
நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்கும்.
விதைக்கரும்பை அவர் வெட்டுவாரே,
இரண்டு பரு, இரண்டு பரு,
அந்த அளவுதான்.
கொடுவாள் சத்தம் மட்டும் கேட்காது.

துண்டுகள் வந்து சேரும் இடம்
நான் தினம் இறங்கும் காட்பாடி மாதிரி.
திருப்பதி வண்டி, விழுப்புரம் வண்டி,
ஜோலார்பேட்டையிலிருந்து தாமதமாக வரும் ஒன்று.
சோறும் எண்ணெயும் பருப்பில் பாதியும்
பேர் தொலைத்து ஒரே நடைமேடையில் நிற்கும்.
நீ நெய்யா நெல்லா என்று
எந்தப் பரிசோதகரும் கேட்பதில்லை.
ஒரு சுற்று சுற்றி, மூச்சுக்காற்றில் எரிந்து,
எல்லாம் ஒரே சில்லறையாகக் கைக்கு வரும்.

ஒன்றே ஒன்று.
அந்த ஸ்டேஷனிலிருந்து சர்க்கரைக்குத் திரும்பத்
தண்டவாளம் போடவில்லை.

சிவப்பணுவுக்கோ சர்க்கரையைத் தவிர எதுவும் ஆகாது,
அடுப்பே கட்டாத வீடு அது.
மூளையாவது சில நாளில் வழிக்கு வந்து
கொழுப்பிலிருந்து ஈரல் வடிக்கும் கீட்டோனுக்குப் பழகும்.
பழகியும், கொஞ்சம் சர்க்கரை கொடு என்று கேட்கும்.

அதனால் தொடையைக் கேட்டிருக்கிறது உடம்பு.
தோளைக் கேட்டிருக்கிறது.
கரும்புக் கட்டு ஏற்றிய தோள்
இழை இழையாகப் பிரிந்து ஈரலுக்குப் போய்
அறுபத்தாறாகத் திரும்பியிருக்கிறது.
யூரியா அதற்கான ரசீது.

சிறுநீரில் நனைத்த பட்டையைப் பார்த்தேன்.
இலவம்பாடிக் கத்தரியின் பூ நிறம்.
சக்கையை எரித்துத்தான் ஆலையில் சாறு காய்கிறது,
அவருக்குத் தெரியாததா.

காலை ஆறுக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்.
கையில் பன், இன்னும் கடிக்கவில்லை.
"ஒம்போது நாளா ஒண்ணுந் துன்னல.
இன்னாத்தத் துன்னுட்டு மேடம் உசுரு நிக்குது?"
பேர் கேட்டேன். பூங்காவனம்.
"ஒடம்புல இருக்கிறத" என்றேன்.
"அந்த ஒடம்புல இன்னா இருக்குது" என்றார்.
என்னிடம் எண்கள்தான் இருந்தன.

மூக்கு வழியாகக் குழாய் போட்டாயிற்று.
ஒரு சொம்பு பால் ஊற்றலாமா என்று கேட்கிறார்.
கூடாதம்மா.
காய்ந்து கிடந்த உயிரணு சர்க்கரையைக் கண்டதும்
ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டை
ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொள்ளும்,
இதயம் தடுமாறும்.
மணிக்கு இருபது மில்லி. அவ்வளவுதான் இன்றைக்கு.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
கீழே மணல், முள்செடி, ஒரு ஊற்றுக்குழி.
பல வருஷம் வறண்டிருந்துவிட்டு
ஒரே ராத்திரியில் வெள்ளம் வந்து
தரைப்பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது இங்கேதான்.
பன்னைத் தின்றாரா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

மூன்றாம் இரவு.
பாஸ்பேட் இரண்டு புள்ளி ஒன்று. பரவாயில்லை.
பட்டையில் பூ வெளிறி, தோல் நிறத்துக்கு வருகிறது.
பெயர் சரியாக எழுதியிருந்தது.
வயதுதான் இந்தத் தடவை தப்பு,
தொண்ணூற்றுநாலு.
சிரித்தபடி அடித்தேன்,
பேனாவை அழுத்தி.